கொடிக்கம்பியில் ஏறிய கரண்ட்

செல்வம் மாமா ஏணியில் நின்றபடி, "போடுங்க மச்சான்!" என்றார். அப்பா உள்ளே போய் சுவிட்சைப் போட்டார். எங்கள் வாசலில் சிவப்பும் பச்சையுமாக ஒரு பல்ப் மாலை கண் விழித்தது. அம்மா இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "அடியாத்தி!" என்றாள்.

அதே நொடியில், லயத்தின் அந்தக் கோடியில், எங்கள் மாலைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத கடைசி வீட்டில், ராமாயி அக்கா வீறிட்டாள்.

மாலை அணைந்தது. லயம் முழுக்கக் கரண்ட் போனது. நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது அவளுடைய ஈரச்சேலை வாசல் சேற்றில் கிடந்தது. அவள் கால் நீட்டி உட்கார்ந்து வலது கையை உதறிக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சுக்கா?"

"சேல காயப்போடக் கம்பியத் தொட்டேன் புள்ள. சுர்ருன்னு தோள் வரைக்கும் ஏறிருச்சு. யாரோ புடிச்சு இழுத்த மாதிரி."

எல்லாரும் கம்பியைப் பார்த்தோம். பிறகு, கம்பி போன வழியே திரும்பி, ஏணியில் நின்ற மாமாவைப் பார்த்தோம்.

போன வாரம் பீலிக்கரையில் தண்ணீருக்கு வரிசை நின்ற கதையை எழுதியிருந்தேன். "உங்கள் லயத்தில் சண்டையைத் தவிர வேறெதுவும் நடக்காதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நடக்கும். இந்த வாரமும் சண்டையில்தான் தொடங்குகிறது. ஆனால் இதில் வெளிச்சமும் உண்டு.

ஒரு கூரை, ஒரு கம்பி, ஒரு பெட்டி

லயத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் நீளமான ஒரு கட்டடம். அதைச் சுவர் வைத்துத் தடுத்து வரிசையாக வீடுகள். எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒடுக்கமான திண்ணை, அதன் விளிம்பில் மரத்தூண்கள். இரத்தோட்டையிலிருந்து மேலே ஏறும் ரோட்டில், தேயிலையும் ஏலமும் மாறி மாறி வரும் இடத்தில் எங்கள் லயம் இருந்தது.

முதல் தூணிலிருந்து கடைசித் தூண்வரை ஒரு கொடிக்கம்பி ஓடும். அது யாருடையது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எல்லாருடைய துணியும் அதில்தான் காயும். மழை பிடித்துக்கொண்டால் எல்லாருடைய துணியும் அதில்தான் காயாமலும் கிடக்கும்.

மாமா தன் பல்ப் மாலையை அந்தக் கம்பியில்தான் சுற்றியிருந்தார்.

அவர் கொழும்பில் ஒரு சாமான் கடையில் வேலை செய்தார். மாலை அங்கே கிடைத்ததுதான். நடுவில் ஒரு இடத்தில் அறுந்திருந்ததை முறுக்கிச் சேர்த்து, பரிசுப் பொட்டலத்துக்கு ஒட்டுகிற டேப்பைச் சுற்றியிருந்தார். ஐப்பசி மழையில் நனைந்த கம்பி. வாசலில் ஈர சிமெந்து. வெறுங்கால்.

லயத்துக்கே ஒரு மீட்டர்தான். அதோடு சேர்ந்த டிரிப் பெட்டி, கரண்ட் கசிந்தாலோ கூடினாலோ தானே விழுந்து அணைக்கிற பெட்டி, ராமாயி அக்காவின் வெளிச்சுவரில் இருந்தது. அந்தப் பெட்டி பட்டென்று விழுந்ததால்தான் அவள் கையை உதறியதோடு தப்பினாள். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை நான் இவ்வளவு சிரித்த முகத்தோடு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"கொழும்புல நான் பாக்காத கரண்டா?" என்று மாமா முணுமுணுத்தார்.

"கொழும்புல துணி காயப்போடுற கம்பியிலயா மாமா பல்பு கட்டுறாங்க?" என்று கேட்டேன்.

"வந்துட்டா டீச்சர்" என்றார்.

நான் அப்போது டீச்சராகவில்லை. பயிற்சிக்குப் போகக் காத்திருந்தேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அந்தக் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகத்தான் போடுவேன். சாதாரணதரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு நல்ல பெறுபேறு. ஆகவே மாமா கேலியாகச் சொன்னதை நான் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

அக்காவின் தலைத் தீபாவளி

இவ்வளவு பாடும் எதற்காக? விஜயா அக்காவுக்காக.

அவளை மாத்தளை டவுனில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தமாகக் கடை உண்டு. மாப்பிள்ளை தங்கமான மனிதர். கல்யாணம் டவுன் கோயில் மண்டபத்திலேயே நடந்ததால், அவர்கள் வீட்டார் யாரும் எங்கள் லயத்துக்கு வந்ததில்லை.

அக்காவின் மாமியார் கெட்டவரல்ல. வாய்தான் கொஞ்சம். ரசத்தில் உப்பு கூடினால், "தோட்டத்துல இப்படித்தான் வைப்பாங்களோ?" என்பார். அக்கா கொடியில் துணி போட்டால், "அங்கல்லாம் இப்படித்தான் காயப்போடுவாங்களோ?" என்பார். சிரித்துக்கொண்டே கேட்பார். அக்காவும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள். ஆனால் அந்த வீட்டில் அவள் ஒருமுறைகூட 'லயம்' என்ற சொல்லைச் சொன்னதில்லை. யாராவது கேட்டால், "எங்க வீடு இரத்தோட்டைக்குக் கொஞ்சம் மேல" என்பாளாம். இதை அவளே எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தலைத் தீபாவளிக்கு அக்காவும் மச்சானும் முதல் நாள் பொழுது சாய வருவதாக ஏற்பாடு. அவர்களைக் கொண்டுவந்து விட மாமியாரும் வேனில் வருகிறார் என்று தகவல் வந்தபோது, அம்மா மாவு இடித்த உலக்கையை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டாள்.

"அவங்க வாசல்ல ட்யூப் லைட்டு எரியுது. நம்ம வாசலப் பாத்தா என்னா நெனப்பாங்க? திரும்பிப் போயி என் புள்ளைய என்னா சொல்லுவாங்க?"

அவளுடைய கவலை அவ்வளவுதான். ஆனால் அது சின்னக் கவலையா? மகள் போய் வாழ்கிற வீட்டில் அவள் தலை நிமிர்வதும் குனிவதும் இந்த ஒரு பார்வையில் இருந்தது.

பட்டாசு வெடித்து ஊரைக் கூட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வடக்கில் சண்டை நிற்கப்போகிறது என்று ரேடியோவில் பேசிக்கொண்டிருந்த காலம்தான். ஆனாலும் 'டமால்' என்று ஒன்று கேட்டால் ரோட்டில் போகிற பஸ் நின்றுவிடும். அப்புறம் நாலு பேர் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டிவரும். வெளிச்சத்துக்குச் சத்தமில்லை. அதனால்தான் பல்ப்.

கொஞ்சம் பின்னால் போனால்

கரண்ட் வருவதற்கு முந்திய தீபாவளிகளும் எனக்கு நினைவிருக்கின்றன. சிரட்டையில் தேங்காய் எண்ணெயும் திரியும். ஒரு வருடம் இஸ்தோப்பில் தொங்கிய சாக்குத் திரையின் கீழே யாரோ சிரட்டையை வைத்துவிட்டார்கள். திரை பற்றிக்கொண்டது. அப்பா பலகாரத்துக்குக் கரைத்து வைத்திருந்த மாவை அப்படியே தூக்கி ஊற்றினார். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பலகாரம் இல்லை. ஆனால் சாக்கில் ஒரு பெரிய தோசை வெந்திருந்தது என்று அப்பா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு கரண்ட் வந்தது. முதல் நாள் எல்லாரும் வீட்டுக்குள் இருக்கவேயில்லை. வெளியே நின்று, பல்ப் எரிகிற தங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் மழையில்லாத ஒரு வருடம் வந்தது. நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுக்கக் கரண்டை வெட்டி வெட்டிக் கொடுத்தார்கள். இத்தனை காலம் காத்திருந்து கிடைத்த வெளிச்சத்தை மணிக்கணக்கில் பிடுங்கிக்கொண்டபோதுதான் அது எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்தேன். அன்றே எங்கள் வீட்டு அறுபது வாட்ஸ் பல்பைக் கழற்றிவிட்டு நாற்பது வாட்ஸ் மாட்ட வைத்தேன்.

"லயமே வெளிச்சமா இருக்கு, நம்ம வீடு மட்டும் சாவு வீடு மாதிரி கெடக்கு" என்று அம்மா குறைப்பட்டாள். நான் அசையவில்லை. படித்த பெண்ணை வீட்டில் வைத்திருப்பதில் இந்த மாதிரிச் சிரமங்கள் உண்டு.

ராமாயி அக்காவின் கேள்வி

திரும்பவும் அந்த வாசலுக்கே வருகிறேன். ராமாயி அக்கா ஒரு டம்ளர் தேத்தண்ணி குடித்துத் தெளிந்ததும் எழுந்து நின்றாள். அவள் எழுந்து நின்றால் லயம் கூடிவிடும்.

"ஒங்க சம்பந்தி கண்ணுக்கு அழகா இருக்கணும்னு நாங்க ஏன்டி சாகணும்?" என்று அம்மாவைக் கேட்டாள். "ஒங்களுக்குக் கலர் கலரா பல்பு. எங்களுக்கு ஷாக்கா?"

பல்பே வேண்டாம், கழற்று என்று இரண்டு மூன்று குரல் எழுந்தது. அம்மாவின் முகம் விழுந்ததைப் பார்த்தேன். டவுனில் இருக்கும் விஜயா அக்காவின் முகம் அதற்குப் பின்னால் தெரிந்தது.

நான் ஏணியின் இரண்டாம் படியில் ஏறினேன்.

"கழற்ற வேணாம். ஒழுங்காக் கட்டுவோம். கம்பியில இல்ல, கயித்துல. தகரத்துலயும் படாம, தாவாரத்துக்கு உள்ளுக்க, மழ படாத எடத்துல."

"அப்பவும் ஒங்க வீட்டுக்கு மட்டுந்தான?"

இங்கேதான் நான் கொஞ்சம் யோசித்தேன். லயத்தில் இரண்டு வீட்டில் ஒரே நேரத்தில் இஸ்திரிப்பெட்டி போட்டாலே டிரிப் பெட்டி விழும். தீபாவளிக்கு முதல் நாள் பொழுது சாயும்போது எல்லா வீட்டிலும் பல்ப் எரியும். எங்கள் மாலை பிழைக்க வேண்டுமென்றால் மற்றவர்களின் தயவு வேண்டும்.

"லயம் முழுக்கக் கட்டுவோம்" என்றேன். "ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும். ஆனா அது எரியிற நேரம் எல்லாரும் உள்ள இருக்கிற பல்ப நிப்பாட்டிட்டு வெளிய வந்து உக்காரணும். டீவி, இஸ்திரிப்பெட்டி ஒன்னும் போடக் கூடாது. வேன் போனதும் மாலைய நிப்பாட்டிட்டு அவங்கவங்க லைட்டப் போட்டுக்கலாம்."

ராமாயி அக்கா கையை ஒருமுறை உதறிப் பார்த்தாள். "எங்க வாசல்லயும் எரியும்னா சரி" என்றாள்.

எல்லாரும் கலைந்த பிறகு அம்மா என்னைத் தனியே இழுத்தாள். "லயம் முழுக்கக் கட்டிட்டா நம்ம வீடு எதுன்னு அவங்களுக்கு எப்புடிடீ தெரியும்?"

நான் ஏணியை எடுத்துக்கொண்டு மற்ற வாசல்களை எண்ணப் போனேன்.

வெசாக் பல்பும் தேயிலைப் பெட்டித் தாளும்

மாமாவின் மாலை எங்கள் ஒரு வாசலுக்குத்தான் காணும். மற்ற வாசல்களுக்கு? ரோட்டோரம் கடை வைத்திருந்த முதலாளியிடம் போனேன். புத்தருக்கு விளக்கேற்றும் வெசாக் பண்டிகைச் சமயத்தில் அவர் கடையைச் சுற்றி நீளமாகச் சாயம் பூசிய பல்ப் வரிசை எரியும். இரவல் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டி, "கெனியன்ன நங்கி, கெனியன்ன" என்றார் சிங்களத்தில். எடுத்துக்கொண்டு போ தங்கச்சி, என்று. வேனில் வருகிறவர்களுக்கு வழி காட்டியும் விடுகிறேன் என்றார்.

அந்த வெசாக் பல்புகள் கரண்டை நன்றாகவே குடிக்கும். எனவே ஒன்று விட்டு ஒன்றைக் கழற்றினேன். ஆனால் வெறும் ஹோல்டரைத் திறந்து விடக் கூடாது. சாரல் அடித்தாலும் ஆபத்து, சின்னப் பிள்ளையின் விரல் போனாலும் ஆபத்து. எங்கள் லயத்தில் எரிந்துபோன பல்பைக் கூட யாருக்கும் எறிய மனம் வராது. வீட்டுக்கு வீடு கேட்டு வாங்கி, வெற்று ஹோல்டர்களில் எல்லாம் அந்தச் செத்த பல்புகளை மாட்டினோம். "செத்ததுக்கும் தீபாவளி" என்றார் மாமா.

அவருடைய மாலையில் அறுந்திருந்த இடத்தை நானே பிரித்துக் கட்டினேன். கறுப்பு டேப் சுற்றி, மேலே பழைய சைக்கிள் ட்யூப்பை வெட்டிப் போர்த்தினேன். மாமா பக்கத்தில் நின்று பார்த்தார். கேலி செய்யவில்லை.

பாதி பல்ப்தான் எரியும் என்றால் வெளிச்சம் போதுமா? அதற்கு அம்மா வழி சொன்னாள். அந்தக் காலத்துத் தேயிலைப் பெட்டிகளுக்குள் வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும். அதை உரித்து மடித்து வைக்காத வீடே எங்கள் பக்கம் இல்லை. புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்த சுவரில், வயரில் படாத தூரத்தில், அந்தத் தாளைப் பூப்பூவாக வெட்டி ஒட்டினோம். ஒரு பல்ப் எரிந்தால் சுவரில் நாலு எரிந்தது. கை வைத்த இடமெல்லாம் பழைய தேயிலை வாசம்.

வேன் வந்த நேரம்

மாலையை வெறுமனே எரிய விடக் கூடாது என்பது என் கட்டளை. மாமா டார்ச்சோடு கீழே ரோட்டு வளைவில் நிற்பார். வேனைக் கண்டதும் மேலே பார்த்து டார்ச் அடிப்பார். அதன் பிறகுதான் மாலை.

வேன் வரவில்லை. டவுனில் சோதனைச்சாவடியில் நிறுத்திவிட்டார்கள் என்று அப்புறம் தெரிந்தது. பொழுது சாய்ந்தது. தூறல் தொடங்கியது. பலகாரம் சுட்ட எண்ணெய் வாசனை லயம் முழுக்க மிதந்தது. "எங்கடி ஒங்க சம்பந்தி? நடந்து வாராங்களா?" என்று ராமாயி அக்கா கேட்டாள். நான் டிரிப் பெட்டிக்குக் கீழே காவல் நின்றேன். எங்கள் வாசலில் அப்பா பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுக்கிறவரைப் போல நின்றார்.

வளைவில் டார்ச் மின்னியது.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். வீட்டுக்கு வீடு பல்ப் அணைந்தது. லயம் இருண்டது. "அப்பா, போடுங்க!"

மாலை ஒரு கணம் மின்னியது. தலைக்கு மேலே 'டக்' என்றது. பெட்டி விழுந்துவிட்டது.

"யாரு வீட்டுல என்னா போட்டிருக்கீங்க?" என்று லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினேன். எல்லாரும் கையை விரித்தார்கள். கடைசியில் எங்கள் வீட்டுக்குள்தான் அம்மா, சம்பந்தி உட்காரும் நாற்காலிக்கு விரிக்க வேண்டிய துணியை இருட்டில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா!"

"ஒரு மடிப்புதான்டி பாக்கி!"

இஸ்திரிப்பெட்டியின் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தாவணி தூணில் மாட்டிக் கிழியக் கிழிய ஓடி வந்து டிரிப்பை மேலே தள்ளினேன்.

லயம் எரிந்தது. முதல் தூணிலிருந்து கடைசித் தூண்வரை. கீழே ரோட்டில் வேனின் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

வேனுக்குள் நடந்தது

அக்கா மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தலை உலர்த்தும்போது சொன்னாள்.

வளைவில் திரும்பியதும் மாமியார் வெளியே எட்டிப் பார்த்தாராம். "என்னா இது, ஒரே இருட்டு? ஒங்க பக்கம் கரண்டுகூட இல்லையா?" அக்கா மடியில் இருந்த பழப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாளாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் மலைச்சரிவில் நீளமாக வெளிச்சம் விழுந்திருக்கிறது. டிரைவர் பிரேக் போட்டுவிட்டான்.

"அது யாரு பங்களா?" என்று கேட்டாராம் மாமியார்.

"பங்களா இல்ல அத்தை" என்றாளாம் அக்கா. "அது எங்க லயம்."

"எதுடி ஒங்க வீடு?"

"முழுக்கத்தான்."

இதைச் சொல்லும்போது அக்கா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மாமியார் வந்து இறங்கினார். லயமே வெளியே உட்கார்ந்திருந்ததால் எல்லார் வீட்டு முறுக்கும் அவர் கையில் விழுந்தது. ராமாயி அக்கா தன் ஷாக் கதையை நடித்தே காட்டினாள். "எங்க டவுன்ல பக்கத்து வீட்டுக்காரி மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல" என்றார் மாமியார். கடைசிவரை 'தோட்டத்துல இப்படித்தானோ' என்று கேட்கவில்லை. அதிரசத்தைக் கடித்து, "பாகு கொஞ்சம் எளசு" என்றார். அதையும் சொல்லாவிட்டால் அவர் மாமியாரே இல்லை.

நான் பார்க்கப் போனேன்

இதில் ஒரு சங்கதி. அந்த வெளிச்சத்தை நான் பார்க்கவே இல்லை. பெட்டிக்குக் கீழே நின்றவளுக்குத் தெரிந்தது ஒரு சுவரும் சில பல்புகளும்தான். வேன் திரும்பிப் போனதும், பெட்டியை ராமாயி அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, வளைவிலிருந்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமென்று தூறலில் குறுக்குப் பாதையாக இறங்கி ஓடினேன்.

வளைவில் போய் நின்று, மூச்சு வாங்கி, சேலை உடுத்திப் படம் பிடிக்க நிற்கிறவளைப் போல நிதானமாகத் திரும்பினேன்.

மாலை அணைந்தது.

மேலேயிருந்து ராமாயி அக்காவின் குரல் மட்டும் தெளிவாக வந்தது. "வேன் போயிருச்சு! டீச்சர் சொன்ன மாதிரி நிப்பாட்டியாச்சு! அவங்கவங்க லைட்டப் போட்டுக்கங்க!"

கத்திப் பார்த்தேன். டீவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வீடு பல்ப் எரியத் தொடங்கியது. இருட்டில் மஞ்சள் மஞ்சளாக, வரிசையாக. நானும் அம்மாவின் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டேன். இத்தனை தூரத்திலிருந்து எங்கள் வீடு எது என்று எப்படித் தெரியும்?

உடனே தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும்விட மங்கலாக எரிந்ததுதான் எங்கள் வீடு. நாற்பது வாட்ஸ்.